மைலுக்கு நாலு நிமிடம்

மைல்கல்லைக் கண்டால் அலியார் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். கடிகாரம் கட்டியிருந்த காலத்திலும் பார்த்தார், அது கைவிட்டுப் போன பிறகும் பார்த்தார். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை ஜன்னலோரம்தான் அவர் இடம். கல் ஒன்று கடக்கும். வெறும் மணிக்கட்டு ஒரு தரம் திரும்பும். உதடு லேசாக அசையும். அடுத்த கல் வரும்வரை பக்கத்தில் இருப்பவன் என்ன கேட்டாலும் பதில் வராது.

பஸ்ஸின் கடைசி வரிசையில், கூட்டத்துக்குள் முகத்தைப் பதுக்கிக்கொண்டு, முத்தழகு இதை ஐந்தாறு வருஷம் பார்த்திருக்கிறான். அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் இருந்தவர்களில் அவனுக்கு மட்டும் தெரியும். அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில், பி.ஏ. பட்டத் தாளுக்கு அடியில், துணி சுற்றிக் கிடந்தது.

அலியார் கீழக்கரைக்காரர். வாப்பா தோணியில் போய்வந்தவர். மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை, ஏறினால் குமட்டும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். யுத்தம் வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லைச் சேற்றில் லாரி ஓட்டப் பழகினார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்தவை ஒரு லைசென்சும் ஒரு கைக்கடிகாரமும்தான். அந்த லைசென்சை நஃபீசா, அவர் மனைவி, துணிமணியோடு சேர்க்காமல் குர்ஆன் வைத்த மாடத்துக்குக் கீழ்த்தட்டில் தனியாக வைத்திருந்தாள்.

அவருடன் ஒன்றாகப் பள்ளிவாசலில் ஓதியவர் வாவு முகம்மது. கொழும்பு வியாபாரம் இளைத்துப்போனதும் அவர் படகுப் பட்டறை வைத்தார். மரம் ரயிலில் வந்து இறங்கியதால், பட்டறையைக் கடற்கரையில் வைக்காமல் ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் வைத்தார். கட்டிய படகைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமே. அதற்குப் பட்டாள ஏலத்தில் ஒரு லாரியும், பின்னால் கோத்து இழுக்க நாலு சக்கர டிரெய்லர் ஒன்றும் எடுத்தார். ஓட்ட அலியாரைக் கூப்பிட்டார். நாலு பேர் முன்னால் "முதலாளி" என்பார் அலியார், தனியே இருந்தால் "காக்கா" என்பார். அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார், அண்ணன் என்றுதான் நம்பினார்.

டிரெய்லருக்குப் பெர்மிட் தந்த பிரேக் இன்ஸ்பெக்டர் அதில் சிவப்பு மசியால் மூன்று நிபந்தனை எழுதினார். வெறும் லாரி எப்படிப் போனாலும் போகட்டும், படகை இழுக்கும்போது மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு நடைக்கும் எந்தக் கல்லை எத்தனை மணிக்குக் கடந்தது என்று டிரிப் ஷீட் எழுத வேண்டும். டிரெய்லரில் ஆள் ஏறக் கூடாது. ஏன் பதினைந்து என்று அலியார் கேட்டாராம். இன்ஸ்பெக்டர் சொன்ன பதிலை அவர் சாகும்வரை மறக்கவில்லை. "லாரியை நீ நிறுத்துவே. பின்னால வர்றதை யாரு நிறுத்துறது?"

டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. லாரியின் ஸ்பீடாமீட்டர் முள்ளோ பட்டாளத்திலேயே செத்துப்போய்ப் பூஜ்யத்தில் படுத்திருந்தது. ஆகவே அலியார் தானே ஒரு கணக்குப் போட்டார். மணிக்குப் பதினைந்து மைல் என்றால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நாலு நிமிடம். நாலு நிமிடத்துக்கு முன்னால் கல் வந்தால் வேகம் கூடிவிட்டது, காலைத் தளர்த்து. அவ்வளவுதான். கல்லைக் கண்டால் மணிக்கட்டைத் திருப்பும் பழக்கம் அப்படி வந்தது.

முத்தழகு அந்தப் பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தது 1956-ல். கடலாடிப் பக்கம் ஒரு கிராமம். அய்யா கூலிக்கு உழுதவர். அந்த ஊரில் பி.ஏ. படித்தவன் அவன்தான் முதல். படித்து முடித்துப் பத்து மாதம் சும்மா இருந்தான். படிப்பு என்றால் ஊர் நிமிர்ந்து பார்க்கும், வேலை இல்லை என்றால் அதே ஊர் குனிந்து சிரிக்கும். வாவு முகம்மது அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். படகு நடை இருக்கும் நாளில் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து டிரிப் ஷீட் எழுதுவதும் அவன் வேலை. அலியாருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எண்கள் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. ஷீட் இங்கிலீஷில் எழுதவேண்டியது. "நாலு" என்பார் அலியார், மணிக்கட்டைப் பார்த்து. முத்தழகு எழுதுவான்.

மூன்றாவது ஆள் கூத்தையா. முத்தழகு ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், மழை பொய்த்தால் பட்டறைக்குக் கூலி வேலைக்கு வருவான். அவன் வேலை விசித்திரமானது. பட்டறை வெயிலில் நின்ற படகின் பலகைகள் காய்ந்து இடைவெளி விடும். அப்படியே கடலில் இறக்கினால் முதல் நாள் தண்ணீர் உள்ளே வரும். வாங்குகிறவன் முகம் கோணுவான். அதனால் போகும் வழியெல்லாம் ஒருவன் படகுக்குள் இருந்து, பீப்பாயிலிருந்து தண்ணீர் மொண்டு பலகைகளின் இடுக்கில் ஊற்றிக்கொண்டே வரவேண்டும். ஊற்றிய தண்ணீர் அடியில் விட்டிருக்கும் துளை வழியே ரோட்டில் ஒழுகிப் போய்விடும். பெர்மிட்டில் ஆள் ஏறக் கூடாது என்று இருந்தது எல்லோருக்கும் தெரியும். படகு கட்டுகிற இடம் எதிலும் அதை யாரும் பார்ப்பதில்லை. இன்ஸ்பெக்டரே ஒரு தரம் எதிரே ஜீப்பில் வந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த மூவரும் படகை இழுத்துக்கொண்டு போவது ஒரு வேடிக்கை. சைக்கிள்காரன் முந்துவான். பஸ் முந்தும்போது உள்ளே இருந்து யாராவது குரல் கொடுப்பான், இந்நேரம் கடலில் விட்டிருந்தால் கொழும்பே போயிருக்கும் என்று. ஒரு மாட்டுவண்டிக்காரன், வேண்டுமானால் முன்னால் கட்டிக்கொள்ளுங்கள், என் மாடு இழுக்கும் என்றான். அலியார் சிரிப்பார், காலை அழுத்த மாட்டார். படகின் மேலிருந்து கூத்தையா சொல்லுவான், நான் சொம்பு நிறையத் தண்ணியை வாயில வச்சேன், ஒரு சொட்டு மார்ல விழலை என்று. அதுதான் அலியாருக்கு அவன் தந்த பரிசு.

கூத்தையாவுக்கு ஒரு குறை இருந்தது. படகைக் கரையில் இறக்கியதும் மீனவர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். லாரி பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். பதினோராவது படகை இறக்கிய அன்று அவன் மணலில் நின்றுகொண்டே சொன்னான்.

"பதினோரு படகுல ஏறிட்டேன் பாய். ஒண்ணுகூட நனையலை."

அலியார் கடலைப் பார்த்தார். கடலில் ஏறினால் குமட்டும் மனிதர் அவர்.

"ஒரு நாள் நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்லே," என்றார். "கரை மறையுற தூரம். அது என் பொறுப்பு."

"நீங்க வாந்தி எடுப்பீகளே?"

"எடுத்துட்டுப் போறேன். நீ தண்ணி ஊத்திக் கழுவிவிடு."

பன்னிரண்டாவது படகு 1957 சித்திரையில் போயிற்று. ஏர்வாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்துக்கு. அது ஒரு மாதமாக வெயிலில் நின்ற படகு. முந்தைய படகு முதல் நாளே தண்ணீர் குடித்தது என்று வாங்கியவன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அன்று காலை வாவு முகம்மது முத்தழகைத் தனியாகக் கூப்பிட்டார். அடித்துளைக்குத் தக்கை அடிக்கும்படி ஆசாரியிடம் சொல்லச் சொன்னார். ஊற்றுகிற தண்ணீர் உள்ளேயே நிற்கட்டும், போய்ச் சேருவதற்குள் பலகை நன்றாக ஊறிவிடும். அலியாரிடம் சொல்ல வேண்டாம், அவன் தொணதொணப்பான் என்றார்.

அலியார் தொணதொணப்பார் என்பது உண்மைதான். வெறும் படகை இழுப்பேன், தண்ணியை இழுக்க மாட்டேன், படகு கயித்துக்குக் கட்டுப்படும், தண்ணி கட்டுப்படாது என்று அவர் ஒரு தரம் சொன்னதை முத்தழகே கேட்டிருக்கிறான். ஆனாலும் போய் ஆசாரியிடம் சொன்னான். முதலாளி சொன்னதைச் சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கடத்திய வாய் யாருடையது?

திருப்புல்லாணி விலக்கு தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி ரோடு வளையும். அதுவரை கல்லுக்குக் கல் நாலு. ஒரு இடத்தில் மட்டும் ஐந்து, ஆடு குறுக்கே வந்தது. வளைவில் அலியார் இன்னும் மெதுவாக்கினார். பின்னால் ஏதோ சளப் என்று அடித்தது. முத்தழகு கண்ணாடியில் பார்த்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு புரண்டது. லாரி பத்தடியில் நின்றுவிட்டது. படகின் விலாப் பலகைக்கு அடியில் கூத்தையாவின் வலது கால் இருந்தது. தக்கை தெறித்து, தண்ணீர் முழுக்க ரோட்டில் ஓடி, சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்தில் சுவடில்லாமல் காய்ந்தது.

மதுரை பெரியாஸ்பத்திரியில் கூத்தையாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அலியார் மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். அந்த மூன்று நாளில்தான் பட்டறையில் மற்றது நடந்தது.

வாவு முகம்மது முத்தழகைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பு என்று இன்றுவரை முத்தழகால் சொல்ல முடியவில்லை. வண்டி மெதுவாகப் போயும் கவிழ்ந்தது என்றால் எப்படி என்று தோண்டுவார்கள், பெர்மிட் போகும், சர்க்கார் ஆர்டர் போகும், நாற்பது குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். பிறகு சொன்னார்:

"அலியார்கிட்டப் பேசியாச்சு. அவனே சொல்லிட்டான், என் தலையில போடுங்க காக்கா, பட்டறை நிக்கணும்னு. வேகமாப் போனதா எழுதினா அபராதத்தோட போயிரும். வக்கீலும் அதைத்தான் சொல்றாரு."

முத்தழகுக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மனிதரா என்று நினைத்தான். அந்த நினைப்போடுதான் புது ஷீட் எழுதினான். கடைசி மூன்று கல்லுக்கு நாலு, நாலு, நாலு என்றிருந்ததை இரண்டு, இரண்டு, இரண்டு என்று மாற்றினான். இங்கிலீஷில், அழகான கையெழுத்தில். டிரெய்லரில் ஆள் ஏற்றியதும் டிரைவர் தாமாகச் செய்தது என்று ஒரு வரி சேர்ந்தது. பழைய ஷீட்டைக் கிழிக்கச் சொன்னார் முதலாளி. அவன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. முழுக்க நம்பியிருந்தால் கிழித்திருக்க மாட்டானா?

ஆவணியில் ராமநாதபுரம் கோர்ட்டில் விசாரணை. கூத்தையா கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு வந்து சாட்சி சொன்னான். முதலாளி ஆள் அனுப்பி, பேசாமல் இருந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியும் வந்தான். வண்டி மெதுவாகத்தான் போனது, சொம்புத் தண்ணீர் குடித்தபோது ஒரு சொட்டு சிந்தவில்லை என்றான். நீ எப்போதாவது வண்டி ஓட்டியிருக்கிறாயா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். மாடு ஓட்டியிருக்கேன் சாமி என்றான். கோர்ட் சிரித்தது. தக்கையைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அவன் ஏறுவதற்கு முன்பே அடித்தாயிற்று; காலடியில் தண்ணீர் நின்றதைப் பார்த்தும், துளையில் குப்பை அடைத்துக்கொண்டது என்று இருந்துவிட்டான். தெரிந்தவனை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு மாஜிஸ்திரேட் அலியாரைப் பார்த்து, நீ சொல்ல என்ன இருக்கிறது என்றார். முத்தழகு தலையைக் குனிந்துகொண்டான். ஒத்துக்கொள்ளப் போகிறார், பெரிய மனசு என்று காத்திருந்தான். அலியார் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலக்கமே இல்லாத குரலில் சொன்னார்.

"நான் பதினஞ்சுக்கு மேல போனதில்லைங்க எசமான். நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். தம்பி கல்லுக்குக் கல் எழுதியிருக்காரு. அதை வாசிக்கச் சொல்லுங்க."

வாசித்தார்கள். இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொன்னார்கள். இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம். அலியார் முதலில் புரியாதவராக வாசித்தவரைப் பார்த்தார். தவறான தாளை எடுத்துவிட்டார்களோ என்பதுபோலக் கையைக்கூட லேசாக உயர்த்தினார். பிறகு மெல்லத் திரும்பி முத்தழகைப் பார்த்தார். அவனைத் தாண்டி, பெஞ்சில் இருந்த வாவு முகம்மதுவைப் பார்த்தார். மறுபடி முத்தழகைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

அந்த நிமிடத்தில் முத்தழகுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் அலியாரிடம் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, எசமான், அது பொய், இதோ சரியான ஷீட் என்று சொல்ல அவனுக்கு வாயும் இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. ஏனோ அன்று எடுத்து வந்திருந்த பழைய தாளும் சட்டைப் பைக்குள் இருந்தது. பொய்க் கணக்கு எழுதியவனுக்கும் ஜெயில் உண்டு என்ற ஞானமும் அதே நிமிடத்தில் வந்தது. கடலாடிப் பக்கத்து முதல் பட்டதாரி உட்கார்ந்தபடி இருந்தான்.

மூன்று மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

தண்டனை முடிந்து வந்த மறுநாள் அலியார் பட்டறைக்கு வந்தார். வாவு முகம்மது உள்ளே இருந்தும் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். அலியார் அவரைக் கேட்கவே இல்லை. நேராக முத்தழகின் மேஜைக்கு வந்து, மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக் கணக்கு நோட்டின் மேல் வைத்தார்.

"இது தம்பிகிட்ட இருக்கட்டும். நேரம் எழுதுறவருக்குத்தானே வேணும்."

முத்தழகு எழுந்து, நீங்கள் ஒத்துக்கொண்டதாக முதலாளி சொன்னார் அண்ணே என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். அலியார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப என் வீடு பட்டறைக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்துச்சு தம்பி. நஃபீசா இருந்தா. ஆஸ்பத்திரிக்கு பஸ் போகுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் போன பிறகு முத்தழகு கதவைத் திறந்து முதலாளியிடம் கேட்டான். வாவு முகம்மது தலை நிமிரவில்லை. அவன் என்னோட ஓதினவன், மூணு மாசம்தானே, வந்தா பார்த்துக்கிட மாட்டேனா என்றார். பார்த்துக்கொள்ளவில்லை. லைசென்ஸ் இல்லாதவனுக்குப் பட்டறையில் என்ன வேலை? புது லாரி வந்தது, முள் ஆடுகிற ஸ்பீடாமீட்டரோடு. புது டிரைவர் வந்தான். தண்ணீர் நிற்கும் படகை இனி டிரெய்லரில் ஏற்றக் கூடாது, தக்கை அடிக்கவே கூடாது என்று ஆசாரிக்கு முதலாளி தன் வாயால் உத்தரவு போட்டார். அந்த உத்தரவை முத்தழகுதான் நோட்டில் எழுதினான். இதையெல்லாம் தெரிந்த பிறகும் அவன் அங்கே இன்னும் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தான். பிறகு தாலுகா ஆபீசில் இடம் கிடைத்தது. அதனால்தான் விட்டான், ரோஷத்தால் விடவில்லை.

அலியார் கீழக்கரைக்கே திரும்பி, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார். டியூப்பும் கம்பியும் வாங்க வாரம் ஒரு தரம் ராமநாதபுரம் போவார். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய்த் திரும்பும் முத்தழகும் அதே பஸ்ஸில் இருப்பான். ஆறு வருஷம், ஒரு சொல் கிடையாது.

1963-ல் ரோட்டில் மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் அலியார் தவிப்பதை முத்தழகு கண்டான். கற்கள் நெருக்க நெருக்கமாக வந்தன. மணிக்கட்டு திரும்பியது, உதடு அசைந்தது, கணக்கு உதைத்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் கையை விரித்தார். அலியார் பஸ் முழுக்க ஒரு பார்வை பார்த்தார். கடைசி வரிசையில் அந்தப் பார்வை நின்றது. அவன் அங்கே உட்காருவது அவருக்கு எப்போதுமே தெரிந்திருந்தது போல.

"தம்பி, பதினஞ்சு மைலுன்னா இந்தப் புதுக் கல்லுக்கு எத்தனை நிமிஷம்?"

"ரெண்டரை நிமிஷம் அண்ணே."

"ரெண்டரை," என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பிவிட்டார்.

அந்த ஒரு கேள்வி முத்தழகை உலுக்கிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் அந்த மனிதர் கணக்கை இவனிடம்தான் கேட்கிறார். அடுத்த நாளே பழைய ஷீட்டையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனான். அலியார் கடிகாரத்தைத் தொடவில்லை. தாளை மட்டும் வாங்கி, எண்களை விரல் வைத்து வாசித்தார்.

"நாலு... நாலு... நாலு... அஞ்சு. அது அந்த ஆடு." மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை வச்சுக்கிட்டு இப்ப என்ன செய்ய? கண்ணு மங்கிப்போச்சு. லைசென்சு தந்தாலும் ஓட்ட மாட்டேன்."

அப்போது முத்தழகு தக்கையைப் பற்றிச் சொன்னான். முதலாளி சொன்னதை, தான் ஆசாரியிடம் சொன்னதை, மறைத்ததை. சொல்லச் சொல்ல அலியாரின் கையிலிருந்த பஞ்சர் ஒட்டும் டியூப் கீழே இறங்கியது. அவர் திட்டுவார் என்று நினைத்தான். அவர் கேட்டது வேறு.

"உள்ள தண்ணி நின்னுச்சா?"

"கணுக்கால் அளவு இருந்திருக்கும், அண்ணே."

"அப்ப நான் கேட்ட சத்தம் அதுதானா?"

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேகமாகப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் படகு ஏன் கவிழ்ந்தது என்று தெரியாது. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேனோ, கயிற்றைச் சரியாகக் கட்டவில்லையோ, அவன் காலை எடுத்தது என் கைதானோ என்று ஆறரை வருஷம் தன்னையே உருட்டிப் பார்த்திருக்கிறார். ஜெயில் மூன்று மாதத்தில் முடிந்தது. இது முடியவில்லை. அதனால்தான் கூத்தையா வீட்டுப் பக்கம் போகவே இல்லை என்றார். கோர்ட்டில் தனக்காகப் பேசியவன் முகத்தில் முழிக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்றார். முதலாளி செய்ததையும், நீங்கள் எழுதியதையும் நான் எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டேன் தம்பி, இதை ஏன் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். இதை மட்டும் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.

முத்தழகு தாளை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தான். ஜெயிலுக்குப் பயந்தவன், ஆறு வருஷம் ஒரு மனிதனை அதைவிட மோசமான இடத்தில் அடைத்து வைத்திருந்தான்.

அலியார் தையில் இறந்தார். கடையைத் திறக்க எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். செய்தி தெரிந்து முத்தழகு போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. நஃபீசா இத்தாவில் இருந்தாள், அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாத துக்க நாட்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் சொன்னாள். ஐப்பசியிலிருந்தே அவர் ஆள் மாறிவிட்டாராம். ராத்திரி தூங்கினாராம். கபீர் என்ற மீனவரின் படகில் சொல்லி வைத்திருந்தாராம், காற்று அடங்கட்டும், ஒரு ஆளைக் கூட்டிவருவேன், கரை மறையும் தூரம் போகவேண்டும் என்று. வாந்திக்கு எலுமிச்சம்பழம்கூட வாங்கச் சொல்லியிருந்தாராம். அந்த ஆளுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை, நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தார் என்றாள்.

நேரில் போய்ச் சொன்னது முத்தழகுதான். கூத்தையா வீட்டு முன்னால் வேலியடைப்பில் உட்கார்ந்து கருவேல முள்ளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். மனைவி பூமயில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். முத்தழகு சாவைச் சொன்னான். பிறகு தக்கையைச் சொன்னான், இந்த முறை எதையும் முழுங்காமல். கூத்தையா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் பாதிக் காலைப் பார்த்தான். பூமயில்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க ஊருப் பக்கத்துப் புள்ள படிச்சு வந்திருக்குன்னு பட்டறையில பெருமையா உங்க கையால சோறு வாங்கித் தின்னாரே இவரு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

"இது பாய்க்குத் தெரியுமா?" என்றான் கூத்தையா.

"ஐப்பசியில சொன்னேன்."

"ஐப்பசியில." அவன் விரல் விட்டு எண்ணினான். "அவுகளுக்காகச் சாட்சி சொல்லி, வரவேண்டியதையும் வேண்டாம்னு விட்டேன் கணக்குப்புள்ள. ஒரு நாள் என் வாசல் மிதிக்கலை. காரியம் முடிஞ்சதும் கைவிட்டுட்டாகன்னு நெனச்சேன். ஆறரை வருஷமா அவுகளைத்தான் வைஞ்சுக்கிட்டிருந்தேன்."

முத்தழகு கபீர் படகைப் பற்றிச் சொன்னான். எலுமிச்சம்பழத்தைச் சொன்னான். படகு தயாராக இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன், நாளைக்கே போகலாம் என்றான். அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த அவசரம் அவனுக்கே கேட்டது. எதையோ சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கும் குரல்.

கூத்தையா சொம்பை எடுத்து, நிறைய இருந்த தண்ணீரை வாயில் வைத்தான். ஒரு சொட்டு மார்பில் விழாமல் குடித்து முடித்தான்.

"அது பாய் தர வேண்டியது," என்றான். "நீங்க தந்தா தீராது. கரை மறையுற தூரம்னு அவுக சொன்னது. இருக்கட்டும், அப்படியே பாக்கி இருக்கட்டும்."